பக்கவாதமும் காலமறிதலும்

எச்செயலுக்கும் உரிய காலம் ஒன்று உண்டென்பதைத் தமிழ் மக்கள் தொன்றுதொட்டு அறிந்தவராவர். திருவள்ளுவர் பொருட்பாலிற் காலமறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். அப்பாலிலேயே மருந்து என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது வேந்தர்க்கு உரியதென்றும் பின்னது நோயாளர்க்கு உரியதென்றும் நாம் வேறு வேறாகக் கற்கின்றோம். தேர்வு முடிந்தபின் இரண்டனையும் ஒருங்கே மறக்கின்றோம். ஆயின் அவ்விரண்டு அதிகாரப் பொருளும் ஒன்றாய்க் கூடி நிற்கும் இடம் ஒன்று இக்கால மருத்துவத்தில் உண்டு. பக்கவாதம் கண்டவர்க்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை எப்பொழுது ஈவது, எப்பொழுது ஈயாது விடுவது என்னும் வினாவே அவ்விடம். மருத்துவம் கல்லாத தமிழ் மாணவர்க்கு ஈண்டு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை கட்டுரையின் போக்கில் தானே விளங்கும்.

ஆராய்ந்து காலம் குறிக்கும் நெறி முத்துக்குளித்துறையில் வாழும் நமக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவின் பார்களிற் சிப்பி எடுக்க விரும்பினோர் விரும்பிய நாளிலெல்லாம் கடலில் இறங்கியதில்லை. அதிகாரிகள் முன்னரே பார்களை ஆராய்வர்; மாதிரிக்காகச் சில சிப்பிகளை எடுப்பிப்பர்; அவற்றில் உள்ள முத்துக்களை மதிப்பிடுவர்; அதன் பின்னரே நாள் குறித்து அறிவிப்பர். இளஞ்சிப்பியை எடுத்தால் முத்து விலைபோகாது. முதிர்ந்த சிப்பியை வாளா விட்டுவைத்தால் அது மடிந்து முத்தும் கடலடி மணலிற் போய்விடும். அவ்வரசுக் குளிப்புக்கள் 1960-களின் தொடக்கத்தோடு நின்றுபோயின. எனினும், ஆராயாது இறங்கலாகாது, ஆராய்ச்சியிலேயே காலத்தைப் போக்கவும் ஆகாது என்னும் அவ்விரண்டு விதிகளும் எம் பொருளுக்கு அப்படியே பொருந்துகின்றன.

முதற்கண் நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டாலும் உடைபட்டாலும் பக்கவாதம் உண்டாகும். அடைபட்டதாயின், குழாயினுள் உறைந்த கட்டி இரத்தவோட்டத்தைத் தடுத்து நிற்கிறது. அதற்கப்பால் உள்ள மூளைப்பகுதி உணவும் உயிர்க்காற்றும் இன்றி வாடத் தொடங்குகிறது. உடைபட்டதாயின், இரத்தம் மூளைக்குள் கசிந்து பரவுகிறது. பெரும்பாலோர்க்கு வருவது முதல்வகையே. நோயாளியை நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்: வாய் கோணும், ஒருபக்கக் கையும் காலும் சோரும், சொல் குழறும். ஆனால் மருத்துவத்தில் இவ்விரண்டும் ஒன்றற்கொன்று நேர் மாறானவை. அடைப்புக்கு அமுதமாகும் மருந்து கசிவுக்கு நஞ்சாகும். ஆகவே ஸி.டி. ஸ்கான் எடுத்துக் கசிவு இல்லையென்று தெளிந்த பின்னரன்றி இம்மருந்தை எவர்க்கும் ஈதல் கூடாது. எத்துணைத் தேர்ந்த மருத்துவரும் நாடிபார்த்து மட்டும் இதனைத் துணிய இயலாது.

இம்மருந்தின் வரலாறு நீண்டதன்று. ஆல்டிப்ளேஸ் என்னும் மருந்தை நோய் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் ஈந்தால் பயன் உண்டென்பதை அமெரிக்க நாட்டில் 624 நோயாளரைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி 1995-ஆம் ஆண்டு வெளியிட்டது. அதனையொட்டி 1996-இல் அந்நாட்டு அரசு அதற்கு இசைவளித்தது. 2008-இல் ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்று அவ்வெல்லையை நாலரை மணி நேரமாக நீட்டிற்று. 1990-களில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் வேறொரு கரைப்பானைப் பக்கவாதத்துக்கு ஈந்து பார்த்த ஆராய்ச்சிகள், இரத்தக்கசிவும் இறப்பும் மிகுந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டன. கரைக்கும் மருந்து எல்லாம் ஒன்றே என்றும், கட்டி கரைந்தால் நோய் தீர்ந்தது என்றும் எண்ணுவார்க்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கையாகும்.

இனிக் காலத்தின் கணக்கைக் காண்போம். பெருங்குழாய் ஒன்று அடைபட்டவிடத்து ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் ஓர் அறிஞர் கணக்கிட்டார். பல ஆராய்ச்சிகளில் இடம்பெற்ற 6,756 நோயாளரின் முடிவுகளை 2014-இல் ஒருங்கு தொகுத்துப் பார்த்தனர். மூன்று மணிக்குள் மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 33 பேர் அளவில், மருந்து பெறாதவருள் 23 பேர் அளவில், குறையின்றியோ மிகச் சிறு குறையோடோ தேறினர். மூன்று மணிக்கும் நாலரை மணிக்கும் இடையில் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஐவராகச் சுருங்கிற்று. நாலரை மணிக்குப் பின் அது மிகவும் தேய்ந்து, உண்டோ இல்லையோ என்று ஐயுறும் நிலையை அடைந்தது. இதனாற் பெறப்படுவது யாது? நாலரை மணி என்பது, அதுவரை கதவு திறந்திருந்து அதன்பின் சட்டென மூடப்படும் எல்லையன்று. முதல் நிமிடத்திலிருந்தே கதவு மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வருகிறது. நாலரை மணியளவில் அது மூடிவிடுகிறது. “இன்னும் நேரம் இருக்கிறது” என்னும் சொல்லைப்போல் இந்நோயிற் கேடு விளைப்பது வேறொன்றில்லை.

மருந்தின் தீங்கையும் மறையாது கூறல் வேண்டும். அதே தொகுப்பில், மருந்து பெற்றவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர்க்கு மூளையிற் கடுங்கசிவு நேர்ந்தது. பெறாதவர்க்கு அது 1 பேர் அளவே. மூன்று திங்களுக்குப் பின் உயிரோடிருந்தோர் தொகை இருசாராரிடத்தும் ஏறத்தாழ ஒத்தே நின்றது. எனவே இம்மருந்து சாவை விலக்கும் மருந்து என்று கூறுவது மிகைப்படக் கூறலாகும். தன் கையால் உண்டு, தன் காலால் நடந்து, தன் வாயாற் பேசி வாழும் வாழ்வை மீட்டுத்தரும் மருந்து என்பதே உண்மை. கூலியையே நம்பி வாழும் இக்கடற்கரைக் குடும்பங்களுக்கு அவ்வேறுபாடு சிறிதன்று. கிடையாய்க் கிடக்கும் தந்தையைப் பேணுதற்பொருட்டு மகன் தொழிலை விடுவதும், மகள் பள்ளியை விடுவதும் நம் ஊர்களில் யாவரும் அறிந்தவையே.

கசிவு இல்லையென்று ஸ்கான் காட்டியபின்னும் மருத்துவர் உடனே ஊசியை எடுத்தல் கூடாது. இரத்த அழுத்தம் 185-க்கு 110 என்னும் அளவினும் மேற்பட்டிருந்தால் முன்னர் அதனைத் தணித்தல் வேண்டும். இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்திருப்பினும் பக்கவாதம்போலவே தோன்றுமாதலின் அதனையும் பார்த்தல் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மருந்துண்பவரோ, அண்மையிற் பெரிய அறுவை மருத்துவம் செய்துகொண்டவரோ, தலையில் அடிபட்டவரோ, முன்னர் மூளையிற் கசிவு கண்டவரோ என வினவுதல் வேண்டும். இவ்வினாக்களுள் ஒன்றுக்கேனும் நோயாளி விடையிறுக்க இயலாதபடி அவர் நாவே கட்டுண்டிருக்கும். விடையிறுக்க வேண்டியவர் உடன் வந்தவரே. அவர் அறியாராயின், அல்லது மருந்துச் சீட்டை வீட்டில் விட்டுவந்தாராயின், அறிவு மிக்க மருத்துவரும் கைகட்டி நிற்க நேரும்.

ஈண்டு நுணுகி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோய் மிகச் சிறிதாய், அன்றாடச் செயலுக்கு இடையூறு செய்யாததாய் இருப்பின், இம்மருந்தால் நன்மை மிகுவதில்லையென்று 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. ஆதலின் சிறு நோய்க்கு இதனை ஈயாது விடுதல் நெறியாயிற்று. ஆயின் சிறிது என்று யார் அளப்பது, எதனால் அளப்பது? வலக்கையின் இரண்டு விரல்கள் மட்டும் உணர்விழந்து தடுமாறுகின்றன என்று கொள்வோம். மருத்துவரின் அளவுகோலில் அதற்கு ஓர் எண் கிட்டுதலும் அரிது. ஆனால் அவ்விரல்கள் வலை பின்னுவாருடையனவாயின், அவர் பிழைப்பே போயிற்று. கப்பலில் பளு ஏற்றும் தூக்கியை இயக்குவார்க்கும், லாரி ஓட்டுவார்க்கும், தையற்காரர்க்கும் இஃது ஒக்கும். நோயாளியின் தொழிலை அறியாது அவர் குறையை அளத்தல் கூடாதென்பது எம் துணிபு. மேனாட்டு நெறிமுறைகளும் குறையின் எண்ணைமட்டும் நோக்காது அது வாழ்வை எவ்வாறு முடக்குகிறது என்பதையே நோக்கச் சொல்லுகின்றன. ஆகவே மருத்துவர் வினவும் முதற் சில வினாக்களுள் “இவர் என்ன தொழில் செய்கிறார்?” என்பதும் ஒன்றாதல் வேண்டும். அவர் வினவாராயின் உடன் சென்றோர் தாமே கூறுதல் வேண்டும்.

தொழிலைக் கூறவேண்டுதற்கு நம் கரையில் இன்னுமொரு காரணமும் உண்டு. முத்துக்குளிப்பு நின்றும் சங்குகுளிப்பு நின்றிலது. முன்னாளில் மூச்சடக்கி இறங்கினர். இந்நாளிலோ காற்றழுத்தும் பொறியிலிருந்து குழாய்வழி மூச்சு வாங்கிக்கொண்டு நெடுநேரம் அடியில் இருப்போர் பலர். அவ்வாறு இருந்தவர் விரைந்து மேலே வந்தால், இரத்தத்திற் கரைந்திருந்த காற்று குமிழாய் வெளிப்பட்டு நரம்பையும் மூளையையும் தாக்கும். நுரையீரலிலிருந்து காற்று குழாய்க்குள் புகுந்து மூளையை அடைதலும் உண்டு. அப்பொழுதும் கைகால் சோரும், நா குழறும். ஆயின் அங்கே குழாயை அடைத்தது இரத்தக்கட்டியன்று, காற்று. அதற்கு வேண்டுவது தூய உயிர்க்காற்றும், மிகு காற்றழுத்த அறையில் வைத்துச் செய்யும் மருத்துவமுமேயன்றிக் கட்டி கரைக்கும் மருந்தன்று. எனவே குளியாளியைக் கொண்டுசெல்வோர் “கடலில் இருந்து ஏறியவுடன் இவ்வாறு ஆயிற்று” என்னும் ஒரு வாக்கியத்தை முதலிற் கூறல் வேண்டும். அவ்வொரு வாக்கியம் மருத்துவத்தின் வழியையே மாற்றிவிடும்.

இனிக் காலத்தை எங்கிருந்து எண்ணுவது என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். பலர் நோயைக் கண்ட நேரத்திலிருந்து எண்ணுகின்றனர். மருத்துவர் எண்ணுவது, நோயாளி கடைசியாக நலமாய்க் காணப்பட்ட நேரத்திலிருந்தே. இரவு பத்து மணிக்கு நலமாய்ப் படுத்தவர் காலை ஆறு மணிக்கு வாய்கோணி விழித்தாராயின், கணக்கு ஆறிலிருந்து அன்று, பத்திலிருந்தே தொடங்கும். எட்டு மணி நேரம் கழிந்ததாகவே கொள்ளப்படும். இத்தகையோர்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானால் நோய் அண்மையில் தொடங்கியதென்று தெளிந்தவிடத்து மருந்து ஈயலாமென 2018-இல் ஓர் ஐரோப்பிய ஆராய்ச்சி காட்டியது. ஆயினும் அவ்வசதி எல்லா ஊரிலும் நள்ளிரவிற் கிட்டுவதன்று.

நம் கரையின் வாழ்க்கையோ விடியலுக்கு முன்னரே தொடங்குவது. உப்பளத் தொழிலாளர் வெயிலுக்கு அஞ்சி இருளிலேயே பாத்திக்குச் செல்கின்றனர். விசைப்படகுகள் விடியுமுன் கரையை விடுகின்றன. ஒருவர் ஆறு மணிக்கு உப்பளத்தில் வீழ்ந்து கிடந்தாரெனின், “இரவு உறங்கப் போகும்போது நன்றாயிருந்தார்” என்று மட்டும் மனைவி கூறுவர். அவ்வொன்றையே கொண்டால் மருந்துக்குரிய காலம் கடந்ததாகும். ஆனால் உடன் வேலை செய்த அம்மையார் ஒருவர், “ஐந்து மணிக்கு என்னோடு பேசினார், தேநீர் குடித்தார்” என்று கூறுவாராயின், கழிந்தது ஒரு மணி நேரமே. ஒரு சாட்சியின் சொல்லால் மூடிய கதவு திறக்கின்றது. அச்சாட்சி மருத்துவமனைக்கு வந்திருத்தல் வேண்டும். இன்றேல் அவரது தொலைபேசி எண்ணேனும் உடன் வருதல் வேண்டும்.

யாம் அறிந்த முதியவர் ஒருவர்க்கு நேர்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். அவர் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் வலை பின்னி வாழ்பவர். காலை ஏழு மணியளவிற் கை சோர்ந்து ஊசி கீழே விழுந்தது. வீட்டார் களைப்பென்று எண்ணிப் படுக்கவைத்தனர், தைலம் தடவினர், பின்னர் அயலூர்ச் சிறு மருத்துவ விடுதி ஒன்றற்குக் கொண்டுசென்றனர், அங்கே ஊசி ஒன்று போட்டு, சத்து நீர் ஏற்றி, மாலைவரை இருத்தினர். பெரிய மருத்துவமனையை அடையும்பொழுது பத்து மணி நேரம் கழிந்திருந்தது. அங்கிருந்த மருத்துவர் ஸ்கானைப் பார்த்து, கரைக்கும் மருந்து இனிப் பயன்படாது, தீங்கே செய்யும் என்று கூறி மறுத்தார். உறவினர், “மருந்து இருந்தும் போடவில்லை” என்று அவரை நொந்துகொண்டனர். அம்மருத்துவர் செய்தது பிழையென்று யாம் கருதவில்லை. வாடிய மூளைப்பகுதிக்குள் பிந்திப் பாயும் இரத்தம் குழாயை உடைத்துக் கசிவை விளைக்கும். அதனை அறிந்தும், உறவினரின் கண்ணீருக்கு இரங்கி மருந்தை ஈந்திருப்பாராயின் அதுவே பிழையாகும். காலத்தில் ஈதல் எத்துணை அறமோ, காலம் கடந்தபின் ஈயாமையும் அத்துணை அறமே. அம்முதியவர்க்குரிய காலம் கழிந்தது அம்மருத்துவமனையிலன்று. அங்கு வருமுன் கழிந்த பத்து மணி நேரத்திலேயாம்.

இனி மறுப்புக்களை நோக்குவோம். “நூற்றுக்கு எழுவர்க்குக் கசிவை விளைக்கும் மருந்தை அறிந்தே ஈதல் தகுமோ?” என்பர் ஒருசாரார். கசிவால் நலிந்தோரையும் உட்படுத்தியே மேலே கூறிய கணக்கு எடுக்கப்பட்டது என்பதை அவர் உணர்தல் வேண்டும். கெட்டவரை நீக்கித் தேறியவரை மட்டும் எண்ணியதன்று. யாவரையும் எண்ணிய பின்னரும் மூன்று மணிக்குள் பெற்றவருள் நூற்றுக்குப் பத்துப்பேர் மிகுதியாகத் தேறினர். ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு செயலே. அதற்கும் விளைவு உண்டு. மருந்தால் வரும் கேடு ஒரே நாளிற் கண்ணுக்குத் தோன்றுகின்றது. மருந்தின்மையால் வரும் கேடு பல்லாண்டு படுக்கையிற் கிடப்பதால் யார்மீதும் பழியின்றி மறைந்துவிடுகின்றது. பழிக்கு அஞ்சும் மருத்துவரும் உறவினரும் ஈயாமையின் பக்கமே சாய்வது இதனாலேயாம். அச்சத்தைப் பழிக்காது, எண்களை எளிய தமிழில் எடுத்துக் கூறுவதே அதற்கு மருந்தாகும்.

“உறவினர் கையெழுத்து இன்றி ஈயலாமோ?” என்பது இரண்டாம் வினா. இது நம் துறைக்கு மிக நெருங்கிய வினா. தாய் வீட்டில் வீழ்ந்து கிடக்க, தந்தை நடுக்கடலிலும் மகன் கப்பலிலும் இருத்தல் இங்கு அரிதன்று. அவர் வந்து ஒப்பமிடும்வரை காத்திருப்பின் ஒப்பமே எஞ்சும், காலம் எஞ்சாது. நோயாளி தாமே கூற இயலாதவிடத்தும், உரியவர் கிட்டாதவிடத்தும், தகுதியுடையவர்க்கு மருந்தை ஈவது முறையே என்று அமெரிக்கப் பக்கவாத சங்கத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. ஒருவரின் இசைவைப் பெறக் காலம் இல்லாதபோது அவர் நன்மை கருதி நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமன்று என்று 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 92-ஆம் பிரிவிற் கூறியது. 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவும் அதனையே கூறுகின்றது. உறவினர் உடனிருப்பின் அவரைக் கேளாது செய்தல் தகாது. தொலைபேசியிற் கிட்டுவராயின் அவ்வழியே கேட்டல் வேண்டும். ஒருவரும் கிட்டாதபோது காலத்தைக் கொல்லாது செய்தலே முறை என்பது எம் கருத்து.

“இவையெல்லாம் பெருநகர்க்கு உரியன, நரம்பியல் வல்லுநர் இல்லாத ஊருக்கு ஆவனவல்ல” என்பர் பிறர். ஹிமாசலப் பிரதேசத்து மலையூர்கள் இதற்கு விடை கூறுகின்றன. 2014-ஆம் ஆண்டளவில் அம்மாநில அரசு இம்மருந்தை விலையின்றி வழங்க, ஸ்கான் வசதியுள்ள மாவட்ட மருத்துவமனைகளிற் பொது மருத்துவர்களே, தொலைவிலுள்ள வல்லுநரிடம் கைப்பேசிவழி ஸ்கான் படத்தைக் காட்டிக் கேட்டு மருந்தை ஈயத் தொடங்கினர். மலைக்கு இயன்றது கடற்கரைக்கு இயலாதோ? வேம்பார் முதல் மணப்பாடுவரை நீண்டு கிடக்கும் நம் கரைக்குத் தூத்துக்குடியில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் உண்டு. திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 40 கிலோமீட்டரே. நேரே வருவார்க்கு இத்தூரம் தடையாகாது. இடையில் இரண்டு மூன்று விடுதிகளின் வாயிலில் நின்று நின்று வருவார்க்கே தடையாகும்.

மருத்துவமனையின் வாயிலுக்குள்ளும் காலம் கழியாமற் காத்தல் வேண்டும். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியில் நோயாளி வந்தது முதல் மருந்து ஏறுவதுவரை 1998-இல் 105 நிமிடம் சென்றது. 2011-இல் அது 20 நிமிடமாகக் குறைந்தது. புதிய மருந்தால் அன்று, முறையால் அது குறைந்தது. வண்டியிலிருந்தே முன்னறிவிப்பு வந்தது. நோயாளியைப் படுக்கைக்குக் கொண்டுபோகாது நேரே ஸ்கான் அறைக்குக் கொண்டுசென்றனர். அவ்வறையிலேயே மருந்தை ஈந்தனர். இவற்றுள் நம் அரசு மருத்துவமனைகளுக்குப் பொருளின்மையாற் செய்ய இயலாதது யாது? இப்பொழுது டெனெக்டிப்ளேஸ் என்னும் மருந்தும் வந்துள்ளது. ஆல்டிப்ளேஸைச் சிறுபகுதி முதலிலும் எஞ்சியதை ஒரு மணி நேரமாகவும் ஏற்றவேண்டும். இதனையோ ஒரே ஊசியாகச் செலுத்திவிடலாம். அது முன்னதற்குக் குறைந்ததன்று என்று கானடா நாட்டு ஆராய்ச்சி 2022-இற் காட்டியது. சிறு மருத்துவமனையில் ஊசியைப் போட்டுவிட்டு, பெருங்குழாய் அடைப்புற்றாரைக் கட்டியைக் கம்பியால் வாங்கும் மருத்துவத்துக்குப் பெருநகருக்கு விரைந்து அனுப்பவும் இஃது உதவும். ஸ்கான் கருவியுள்ள அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இம்மருந்து இரவும் பகலும் இருத்தல் வேண்டுமென்று கேட்டல் குடிமக்களின் உரிமையாகும்.

வீட்டிற் செய்யத்தகாதன சிலவற்றையும் சுட்டுவோம். புறாவின் குருதியைத் தடவுதல், விரல்நுனியை ஊசியாற் குத்தி இரத்தம் விடுதல், மயங்கியவர் வாயில் நீரோ காபியோ ஊற்றுதல், கசிவோ அடைப்போ என்றறியாமல் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தல் ஆகிய இவை ஒன்றும் நன்மை செய்வனவல்ல. நீர் மூச்சுக்குழலிற் புகும். மாத்திரை கசிவை மிகுவிக்கும். எஞ்சியவை காலத்தை விழுங்கும். செய்யத்தக்கது ஒன்றே. முகத்தைப் பார், இரு கையையும் தூக்கச் சொல், ஒரு வாக்கியம் பேசச் சொல், ஒன்று பிறழினும் மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழை. சிறிது நேரத்தில் தானே தெளிந்ததென்று வீட்டில் இருந்துவிடுதலும் தவறு. அது பின்வரும் பெரு நோய்க்கு முன்னறிவிப்பாதல் உண்டு.

மாணவ நண்பர்காள்! மருத்துவத்துக்கு உறுப்பு நான்கென்று வள்ளுவர் வகுத்தார்: நோயுற்றவர், அதனைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். முதல்வர் பேச இயலாதிருக்கின்றார். இரண்டாமவர் மருத்துவமனையிற் காத்திருக்கின்றார். மூன்றாவது பெட்டியில் இருக்கின்றது. இம்மூன்றையும் காலத்திற் கூட்டுவிப்பவர் நான்காமவரே. அவர் பட்டம் பெற்றவராதல் வேண்டுவதில்லை. மணியைக் குறித்தவராய், மருந்துச் சீட்டை எடுத்தவராய், தொழிலையும் கடைசியாகப் பேசிய நேரத்தையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவராய் இருந்தாற் போதும். தெளிவாகச் சொல்லுதல் தமிழ் மாணவரின் தொழிலன்றோ? விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்முள் ஒவ்வொருவரும் தம் தெருவில் பத்து வீட்டார்க்கு இதனைச் சொல்வோமாயின் அதுவே ஒரு நல்ல தொடக்கம். இக்கல்லூரியிற் பயின்று மருத்துவராய் விளங்கும் பழைய மாணவர்கள் ஆண்டுக்கொருமுறையேனும் கரையோர ஊர்களுக்கு எம்மோடு வந்து, இரத்த அழுத்தம் பார்த்து, இச்செய்தியையும் உரைக்கும்படி வேண்டுகின்றோம். 2021 முதல் அரசு வீடுதேடி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வழங்கிவருகின்றது. அதனை ஒழுங்காய் உண்பார்க்கு இந்நோய் வருதலே குறையும்.

மருந்தை விரைந்து ஈக, ஆராயாது ஈயற்க, காலம் கடந்தபின் மறுப்பாரை நோவற்க. இம்மூன்றையும் ஒருங்கே கைக்கொள்ளும் ஊரில் மருத்துவர் அஞ்சாது துணிவர். உறவினர் ஐயுறாது இசைவர். அத்தகைய ஊராக நம் தூத்துக்குடி விளங்குதல் வேண்டுமென்பதே எம் விருப்பம்.